வினவல் நேரத்தைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்: ஒரு மதிப்புரை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடை ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் மாலைக் கூட்டத்தில் மட்டும் தடுமாறியதால், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன் இலவசமாகவே வரும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற இந்த நீட்சியை (கூடுதல் வசதியை) நிறுவிப் பார்த்தேன். பைத்தான் நிரலில் ஒவ்வொரு வினவலுக்கும் (தரவுத்தளத்திடம் மென்பொருள் கேட்கும் கேள்விக்கு) முன்னும் பின்னும் நேரம் குறித்து ஏற்கெனவே அளந்திருந்தேன். ஆனால் அந்த அளவில் நெட்வொர்க்கில் போய்வரும் நேரமும் கலந்துவிடுவதால், தாமதம் எங்கே என்று பிடிபடவில்லை.

இந்த நீட்சியோ, சர்வர் வினவலை இயக்கச் செலவிட்ட நேரத்தை மில்லிவினாடியில் கணக்கிட்டு, பில் எண் போன்ற மதிப்புகள் மட்டும் மாறும் ஒரே வடிவ வினவல்களை ஒரே வரியில் சேர்த்து, எத்தனை முறை ஓடின, மொத்தம் எவ்வளவு, சராசரி எவ்வளவு என்று காட்டுகிறது. மொத்த நேரப்படி அடுக்கியபோது முதலில் நின்றது நான் சந்தேகித்த மாத அறிக்கை அல்ல. ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனியாக ஓடிய, சராசரி 2 மில்லிவினாடிகூட ஆகாத இருப்புச் சரிபார்ப்புதான். (அதை எழுதியவனும் நானே.)

இந்த நீட்சியின் பெயரை அமைவுக் கோப்பில் சேர்த்தபின் சர்வரை மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதால், கடையின் ஷட்டர் இறங்கும்வரை காத்திருந்தேன். அதிகபட்ச நேரத்தைக் காட்டினாலும் அது எப்போது நேர்ந்தது என்று இது சொல்வதில்லை. அதற்கு, குறித்த வரம்பைத் தாண்டும் வினவல்களைப் பதிவுக் கோப்பில் எழுதவைக்கும் அமைவையே நாட வேண்டியிருக்கிறது.