விடுமுறைக்கு ஊர் வந்த இடத்தில் வயிற்று ஸ்கேன்: 'அப்பெண்டிக்ஸ் 6.5 மி.மீ.' என்றால் என்ன?

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கடல் கடந்து இருக்கிறார். பழைய ரிப்போர்ட் எதுவும் கையில் இல்லை, திரும்பும் டிக்கெட்டுக்கோ நாலைந்து நாள்தான். ஸ்கேன் மட்டும் சட்டென்று முடிந்து, 'அப்பெண்டிக்ஸ் 6.5 மி.மீ.' என்ற ஒற்றை வரியோடு தாள் கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்து ஒருவர் இன்றே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள் என்கிறார். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு முடிவுக்கும் வர முடியாது.

அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வால், பெருங்குடல் தொடங்கும் பையிலிருந்து தொங்கும், நுனி மூடிய சிறு குழாய். ரிப்போர்ட்டில் வரும் எண் அதன் குறுக்களவு, அதாவது தடிமன். பிறந்த குழந்தைக்கு அது புனல் மாதிரி இருக்கும்: அடி அகலம், நுனி ஒடுக்கம். பெருங்குடல் பை எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்வதில்லை. அதனால் குடல்வாலின் அடி மெல்ல உள்பக்கம் தள்ளப்பட்டு, வாய் குறுகி, பெரியவர்களுக்கு இருப்பது போன்ற ஒல்லிக் குழாயாக மாறுகிறது. கைக்குழந்தைகளுக்குக் குடல்வால் அழற்சி அரிதாக இருப்பதற்கு இந்த அகன்ற வாயும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாய் அகலமாக இருந்தால் அடைப்பது கடினம்.

வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அளவு ஏறக்குறைய பெரியவர்களுடையதுதான். 'நாலு வயசுப் பிள்ளைக்கு இது பெரிசு, பதினாலு வயசு என்றால் பரவாயில்லை' என்று யாராவது சொன்னால், அதற்கு உடற்கூறியலில் ஆதாரம் இல்லை. நீளத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 9 செ.மீ. இருக்கும், 2 செ.மீ. குட்டையும் உண்டு, 20 செ.மீ. நெட்டையும் உண்டு. நோயைக் கண்டுபிடிக்க நீளம் உதவாது.

வயதோடு மாறுவது சுவருக்குள் இருக்கும் நிணநீர்த் திசு, அதாவது கிருமிகளை எதிர்க்கும் திசு. பிறந்து சில வாரங்களில் தோன்றும் இந்தத் திசு பதின்வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாகக் குறைகிறது. வைரஸ் காய்ச்சலில் டான்சில் வீங்குவது போலவே இதுவும் வீங்கும். அப்போது எந்த அழற்சியும் இல்லாமலே குடல்வால் 6.5 அல்லது 7 மி.மீ. காட்டலாம்.

6 மி.மீ.யைத் தாண்டினால் நோய் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த 6 எங்கிருந்து வந்தது? 1986-இல் நெதர்லாந்தின் கதிரியக்க மருத்துவர் யூலியன் பய்லார்ட், அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றைப் படிப்படியாக அழுத்திக் குடல்வாலைப் பார்க்கும் முறையை வெளியிட்டார். அப்படி அழுத்திய நிலையில், வெளிச்சுவரிலிருந்து எதிர் வெளிச்சுவர் வரை அளந்தால் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதே பிறகு புழக்கத்தில் நிலைத்த எல்லை. நலமான குழந்தைகளில் சராசரி 4 மி.மீ.யை ஒட்டியே இருக்கிறது. ஆனால் 6-ஐத் தாண்டும் நலமான குடல்வாலும் அபூர்வம் அல்ல. அதனால்தான் குழந்தைகளுக்கான ஸ்கேனில் பழகியவர்கள் 6 முதல் 8 மி.மீ. வரை உள்ளதை உடனே நோய் என்று எழுதாமல் மற்ற அடையாளங்களைத் தேடுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் அழுத்துவது கிடையாது, அதனால் அங்கே அளவு இன்னும் கூடுதலாக வரும். சி.டி.யின் 7-ஐயும் அல்ட்ராசவுண்டின் 7-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

நல்ல ஸ்கேனை அறைக்குள் நின்றே அடையாளம் காணலாம். வயிற்றை மேலோட்டமாகப் பார்க்கும் வளைந்த முகக் கருவியை வைத்துவிட்டு, தட்டையான, அதிக அதிர்வெண் கொண்ட கருவியை எடுப்பார்கள். குழந்தையிடம் 'எங்கே வலிக்குது, ஒரு விரலால காட்டு' என்று கேட்டு, அங்கே வைத்து, மூச்சு விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார்கள். வாயு விலகும், குடல் நசுங்கும். திரையில் கீழே தொடை நோக்கி இறங்கும் தசையும் அதை ஒட்டித் துடிக்கும் ரத்தக்குழாயும் தெரியும்வரை அழுத்தம் போக வேண்டும். சட்டென்று குத்தி அழுத்தினால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், அதோடு ஸ்கேன் கெட்டது.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் நடக்கின்றன. குழாயைச் சாய்வாக வெட்டி அளந்தால் உண்மையைவிடப் பெரிதாக வரும். குறுக்கே, வட்டமாகத் தெரியும் இடத்தில் அளக்க வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் குடல்வால் என்று நினைத்துவிடுவதும் உண்டு. அது அசையும், நுனி மூடியிருக்காது, குடல்வால் அசையாது. மூன்றாவது, அடியை மட்டும் பார்த்து நிறுத்திவிடுவது. அழற்சி சில சமயம் நுனியில் மட்டும் இருக்கும். நுனிவரை தொடர்ந்து பார்த்தார்களா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: அழுத்தினால் நசுங்குகிறதா, சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாகத் தடித்திருக்கிறதா, உள்ளே நிழல் விழும் கல் இருக்கிறதா, டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறை) சுவரில் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா, அருகில் நீர் தேங்கியிருக்கிறதா. 6.5 மி.மீ., நசுங்குகிறது, கொழுப்பு இயல்பு என்று வந்தால் அது பெரும்பாலும் நலமான குடல்வால். அதே 6.5, நசுங்கவில்லை, கொழுப்பு தடித்திருக்கிறது என்றால் கதையே வேறு. இரண்டு தாளிலும் எண் ஒன்றுதான்.

'அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் அது 'நோய் இல்லை' என்று பொருள் அல்ல. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம், வாயு மறைப்பதும் சாதாரணம். அப்போது டாக்டரின் கைதான் வழிகாட்டி. குடல்வால் அழற்சிக்கான வாய்ப்பைக் கணிக்கக் குழந்தைகளுக்கென்றே உள்ள 10 புள்ளிக் கணக்கில் இருமினாலோ குதித்தாலோ வலிப்பதற்கு 2, வலது அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கு 2 என இவை இரண்டுக்கு மட்டுமே இரட்டைப் புள்ளி. தொப்புளிலிருந்து வலது பக்கம் நகர்ந்த வலி, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளணு உயர்வு, நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகையின் உயர்வு ஒவ்வொன்றுக்கும் 1. ஸ்கேன் தெளிவில்லாமல் வலி நீடித்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனையும் திரும்ப எடுக்க வேண்டும். வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று பிள்ளையை அழவிட வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் விஷயம் அப்படியல்ல: காரணம் தெரியுமுன் கடையில் வாங்கிக் கொடுத்தால் அடையாளங்கள் மங்கிப்போகும், நோய் உள்ளேயே இருக்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே இன்னும் கவனம் வேண்டும். நோய் அரிது, ஆனால் பிள்ளைக்கு இடம் சொல்லத் தெரியாது. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று வேறு முகத்தோடு வரும், பல சமயம் வெடித்த பிறகுதான் தெரியவரும். கடுமையாக வலித்த வயிறு திடீரென்று வலி நின்று, பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது குணமான அடையாளம் அல்ல. உடனே மருத்துவமனை.

விடை தெரியாத வலியோடு விமானம் ஏற்ற வேண்டாம். பறக்கும்போது கேபின் அழுத்தம் குறைவதால் குடலில் அடைபட்ட வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும், நடுவானில் அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். கிளம்பும்போது தாளோடு நிற்காமல் படங்களை டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அங்கே இருக்கும் டாக்டர் அந்த 6.5 எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் அளந்தது என்று தானே பார்த்துக்கொள்வார்.