தோட்டத்தில் ஒரு கூடு: விடுவதா, விரட்டுவதா, எரிப்பதா?

அவரைப் பந்தலுக்கு அடியில் குளவிக்கூடு ஒன்று கண்ணில் பட்டால் வீட்டில் உடனே மூன்று குரல் கேட்கும். ஒருவர் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்பார். இன்னொருவர் கரப்பானுக்கு வாங்கி வைத்த ஸ்ப்ரேயோடு வருவார். மூன்றாமவர், பெரும்பாலும் செடி வைத்தவர், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்பார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடலாம், தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடலாம் என்ற யோசனைகள் யாராவது கொட்டு வாங்கிய பிறகுதான் வரும்.

இந்த ஐந்து வழிகளில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கூட்டில் குடியிருப்பது யார், கூடு எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் வழி தானாக வந்துவிடும். ஒன்றை மட்டும் இப்போதே தள்ளிவிடலாம்: எரிப்பது. எந்தக் கூட்டுக்கும் அது வீட்டுக்காரர் கையில் எடுக்க வேண்டிய வேலை இல்லை. ஏன் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

மண் கூட்டுக்கு ஒரே பதில்

ஜன்னல் மூலையிலும் மீட்டர் பெட்டிக்குள்ளும் ஈர மண்ணை உருட்டி வந்து பூசும் குளவிக்குக் கூட்டமே கிடையாது. தனி ஆள். ஒவ்வொரு அறையிலும் ஒரு முட்டை, அதோடு கொட்டி முடக்கிய இரை. ஒல்லி இடுப்புக் குளவி சிலந்தியைப் பிடித்து வைக்கும். சின்னப் பானை மாதிரிக் கட்டுவது பச்சைப் புழுவைப் பிடித்து வைக்கும். புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவி தன்னைப் போல் ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளே போன புழு வெளியே வருவதில்லை; அதைத் தின்று வளர்ந்த குளவிதான் வருகிறது.

கூட்டைக் காக்கப் பட்டாளம் இல்லாததால் இது துரத்தி வந்து கொட்டாது. கையில் பிடித்து அழுத்தினால்தான் கொட்டும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று கலைக்க விடாத பாட்டிகள், தங்களுக்கே தெரியாமல் தோட்டத்துக்கு நல்லது செய்தார்கள். பூட்டுத் துவாரத்தையோ பிளக்கையோ அடைத்துவிட்டால் மட்டும், ஓட்டை விழுந்து காலியானதா என்று பார்த்துச் சுரண்டி எடுங்கள்.

காகிதக் குளவி: இங்கேதான் சண்டை

பந்தல் கம்பிக்கு அடியில், மாடித்தோட்டத்து நிழல்வலைச் சட்டத்தில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு காம்பில் தொங்கும் சாம்பல் நிறக் கூடு. உறை இருக்காது, ஆறுகோண அறைகள் வெளியிலேயே தெரியும். காய்ந்த மரத்தை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுவது. நம் பக்கம் அடிக்கடி பார்க்கும் ஒரு சிற்றினத்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அந்த இனத்தின் ராணி கூட்டிலேயே சாதுவான ஆள் என்பது அவர்கள் கண்டது. அதற்காக நீங்கள் விரலை நீட்ட வேண்டாம்.

விட்டுவைப்பதற்கான நியாயம் பலமானது. இந்தக் குளவிகள் தங்கள் புழுக்களுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பிற பூச்சிகளின் புழுக்களைத்தான். வெண்டையையும் முட்டைக்கோஸையும் அரிக்கும் புழுவை நீங்கள் காலையில் டார்ச் வைத்துத் தேடுவீர்கள். அவை சம்பளம் வாங்காமல் நாள் முழுக்கத் தேடுகின்றன. எதிர்ப்பக்கத்து நியாயமும் லேசானதில்லை. பந்தலை உலுக்கினாலோ தலை இடித்தாலோ பத்து இருபது சேர்ந்து வரும். தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டிப் பிய்ந்துவிடும். குளவியின் கொடுக்கில் அந்தத் தடை இல்லை, ஒன்றே பலமுறை கொட்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. தினமும் கை நுழைகிற இடமா, தலை போகிற பாதையா, குழந்தைகள் ஓடுகிற பக்கமா? மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம். வீட்டில் யாருக்காவது முன்பு கொட்டியபோது மூச்சு இரைத்திருந்தாலோ உடம்பெல்லாம் தடித்திருந்தாலோ இந்த அளவுகோலே வேண்டாம். கூடு போயாக வேண்டும், அதையும் வேறொருவர்தான் எடுக்க வேண்டும்.

எடுப்பது என்று முடிவானால் சோப்புத் தண்ணீரா, ஸ்ப்ரேயா? கைப்பிடி அளவுக் கூட்டுக்கு நான் சோப்பின் பக்கம். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, நன்றாக இருட்டிய பிறகு கைத்தெளிப்பானில் அடித்தால் இறகு நனைந்து விழும். மூச்சுத் துளைகளில் சோப்புத் தண்ணீர் புகுந்து அடைத்துக் கொன்றுவிடும். இரவில் எல்லாக் குளவியும் கூட்டில் இருக்கும் என்பதால் மிச்சம் அலையாது. முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது. டார்ச்சைக் கையில் பிடிக்காதீர்கள், வெளிச்சத்தை நோக்கித்தான் பறந்து வரும். தள்ளி எங்காவது வைத்துச் சிவப்புக் காகிதம் சுற்றுங்கள், சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு கூட்டோடு காம்பையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கரப்பான் ஸ்ப்ரே வேகமாகத்தான் கொல்லும். ஆனால் கீழே இருப்பது நாளைக்குப் பறிக்க வேண்டிய கீரை, பக்கத்தில் தேனீ வந்து போகும் துளசி. பகலில் அடித்தால் வெளியே போயிருந்தவை திரும்பி வந்து கூட்டைக் காணாமல் அங்கேயே வட்டமடிக்கும். தீ இதைவிட மோசம். நிழல்வலை பிளாஸ்டிக், பந்தல் காய்ந்த மூங்கில், தொட்டியில் இருப்பது தேங்காய் நார்க்கழிவு. குளவிக்கு வைத்தது தோட்டத்துக்கு வைத்ததாகிவிடும். ஏணி மேல் நின்று பந்தம் பிடித்தவருக்குக் கொட்டினால் அவர் விழுவதும் பந்தத்தோடுதான்.

தேனீ என்றால் எந்தத் தேனீ?

மருதாணி, எலுமிச்சைக் கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒரே ஒரு அடை இருந்தால் அது கொம்புத் தேனீ. சீண்டினால் ஒழிய வராது. பூ குறைந்தால் தானே இடம் மாறிவிடும். விடுங்கள்.

பொந்து, கவிழ்த்து வைத்த பழைய தொட்டி, சுவர் இடுக்கு என்று இருட்டான இடத்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத் தேனீ. இதுதான் பெட்டியில் வளர்க்கும் நம் இந்தியத் தேனீ. ஒருநாள் திடீரென்று கொத்தாகக் கிளையில் தொங்கினால் அது புது வீடு தேடும் கூட்டம். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் போய்விடும். குடியேறிவிட்டால் தேனீ வளர்ப்பவரை அழைப்பதுதான் எல்லா விதத்திலும் லாபம். அடையை அறுத்துப் பெட்டிச் சட்டத்தில் வாழை நாரால் கட்டி, ராணியோடு எடுத்துப் போவார். ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? தேனீ செத்துவிடும், தேனும் மெழுகும் சுவருக்குள்ளேயே இருக்கும். காவலுக்கு ஆளில்லாத தேன் கசியும், எறும்பு வரும், மெழுகுப் பூச்சி வரும். ஆள் தெரியாதவர்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுப் பார்க்கலாம்.

கஷ்டமான கேஸ் பெருந்தேனீ. மலைத்தேனீ என்றும் சொல்வார்கள். அடுக்குமாடிச் சன்ஷேடுக்கு அடியில், தண்ணீர் டேங்கில், ஆலமரக் கிளையில் ஒற்றை அடையாகத் தொங்கும். ஒரு மீட்டர் அகலம்கூடப் போகும். வெளிப்பக்கம் முழுக்கத் தேனீ போர்த்தியிருக்கும், பருந்தோ குளவியோ நெருங்கினால் அந்தப் போர்வையே அலையலையாக நெளியும். புகை, வெடிச்சத்தம், பட்டத்து நூல், கல் என எதனாலாவது கலைந்தால் நூற்றுக்கணக்கில் இறங்கும். கொட்டிய இடத்திலிருந்து வரும் எச்சரிக்கை வாசனை மற்றதையும் அங்கேயே அழைக்கும்.

இருந்தாலும், உயரத்தில் இருந்து யாரும் தொந்தரவு செய்யாத கூடு என்றால் என் ஓட்டு காத்திருப்பதற்கே. இவை பருவத்துக்கு இடம் பெயர்பவை. சில மாதங்களில் அடையை வெறுமையாக விட்டுப் போய்விடும். மருந்தடித்துக் கொன்றால் ஒரு கூட்டம் போகும், இடம் அப்படியே இருக்கும். அடுத்த பருவத்தில் இன்னொன்று வரும். ஒரே மரத்துக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுதோறும் திரும்புவது இவற்றின் வழக்கம். அதனால் பணத்தைச் செலவழிக்க வேண்டிய நேரம் தேனீ போன பிறகு: அடையின் மெழுகைச் சுத்தமாகச் சுரண்டி, அந்த இடத்தை வலை கட்டி மூடிவிடுங்கள். கூடு பள்ளிக்கூட வாசலிலோ பால்கனிக் கதவுக்கு எதிரிலோ இருந்தால் காத்திருப்பு சரிவராது. பழகிய ஆள் இரவில் எடுக்கட்டும். அன்று மாடிக்குப் போக வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள்.

கதண்டு

இங்கே அலசலுக்கு இடமே இல்லை. கதண்டு, கதம்ப வண்டு, விஷ வண்டு என்று ஊருக்கு ஒரு பெயர். கறுப்பு உடம்பு, வயிற்றில் பளிச்சென்று மஞ்சள் பட்டை, சாதாரணக் குளவியைவிடப் பருத்தது. ஒரு வகை பனை, தென்னை, புதரில் உறை போட்ட பெரிய கூடு கட்டும். அறைகள் வெளியே தெரியாது, ஒரு வாசல்தான் தெரியும். இன்னொன்று நிலத்துப் பொந்திலும் மரப் பொந்திலும் இருக்கும். களை எடுக்கும் கடப்பாரைக்கு அதுதான் ஆபத்து. இவற்றிடம் நிறைய கொட்டு வாங்கினால் வலியோடு நிற்காது, சிறுநீரகம் வரை பாதிக்கும். டெல்டா மாவட்டங்களில் இதனால் உயிர் போன செய்தி வராத வருடம் குறைவு.

தீயணைப்பு நிலையத்தை 101-இல் அழையுங்கள்; 112-இலும் சொல்லலாம். அவர்களும் பெரும்பாலும் இரவில் வந்து எரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் உடைகளோடும் தண்ணீரோடும் ஆட்களோடும் வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பந்தத்துக்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் பம்பு செட் ஓட்டாதீர்கள், மட்டை வெட்டாதீர்கள், குப்பை கொளுத்தாதீர்கள். அழுகிய பழம், மீன் கழிவு, வெல்லம் சேர்த்த கரைசல் வாளி எதையும் திறந்து வைக்க வேண்டாம்.

கொட்டிவிட்டால்

தேனீக் கொடுக்கு தோலில் நின்றால் அதன் பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா, விரலால் பிடுங்குவதா என்ற விவாதம் வேண்டாம். வேகமாக எடுப்பதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. காரம் தோலைப் புண்ணாக்கலாம், ஐஸ் அதைவிட நல்லது. கூட்டமாக வந்தால் முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்கோ காருக்கோ ஓடுங்கள். குளத்தில் குதிப்பவர் மேலே வரும்வரை தேனீக்கள் காத்திருக்கும்.

நாக்கு, உதடு வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108. அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து, கை வைத்தியத்துக்கு நேரமில்லை. நிறைய கொட்டியிருந்தால் இப்போது தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிறுநீர் கறுத்துப் போவது பிறகுதான் தெரியும்.

நாமே கூப்பிட்டு வைப்பதென்றால்

பூ நிறைய, காய் இல்லை என்று புலம்பும் மாடித்தோட்டக்காரருக்கு மூன்று வழி உண்டு: இந்தியத் தேனீப் பெட்டி, கொசுத்தேனீப் பானை, காய்ந்த மூங்கில்.

பெட்டிக்குத்தான் பெருமை அதிகம். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரக மையம் 1920களில் பரப்பத் தொடங்கியது இது. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வரிசையாக நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியக் கூட்டங்களைப் பெருமளவு அழித்த பிறகும் மீண்டு வந்தது. தேனும் கிடைக்கும். ஆனால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும், எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும், கொட்டும். அக்கம்பக்கத்தார் சம்மதம் இல்லாத மாடியில் வேண்டாம்.

கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. கூட்டைத் திறந்தால் முடியில் புகுந்து லேசாகக் கடிக்கும், அவ்வளவுதான். தேன் கொஞ்சம்தான், புளிப்பாக இருக்கும். நிழல் கொடுத்தால் வருடக்கணக்கில் அதே பானையில் இருக்கும். நகரத்து வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் உங்கள் குறை கத்தரியிலும் தக்காளியிலும் என்றால் இரண்டுமே பெரிதாக உதவாது. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனித் துளை வழியே கொட்ட, பூவைப் பிடித்து அதிரவைக்க வேண்டும். அந்த வித்தை தெரிந்தவற்றில் முக்கியமானவை மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் (பெயர்தான் வண்டு, இதுவும் தேனீ வகைதான்) நீலப் பட்டைத் தேனீயும். கருவண்டு உறுமிக்கொண்டு முகத்துக்கு நேரே வந்து நின்றால் பெரும்பாலும் அது ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பந்தலில் ஒன்றிரண்டு காய்ந்த மூங்கிலைக் கழற்றாமல் விடுங்கள். செலவில்லாத வழி இது. வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் பூச்சிகள் அடங்கிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் தெளியுங்கள்.