குரோம்பேட்டைத் தெருவா, ஓஎம்ஆர் வளாகமா, முடிச்சூர் மனையா?

சென்னையின் தெற்குப் பக்கம் வீடு தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கு நடுவில்தான் அல்லாடுகின்றன. ஒன்று, மின்சார ரயில் பாதையை ஒட்டிய பழைய நகர்கள்: குரோம்பேட்டை, சிட்லபாக்கம், தாம்பரம் சானடோரியம். அடுத்தது, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், படூர், சிறுசேரி பக்கம் எழும்பியிருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகங்கள். அப்புறம், மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் மனை வாங்கிக் கட்டிக்கொள்ளும் தனிவீடு.

சதுர அடி விலையும் வங்கிக் கடனும் தரகரே சொல்லிவிடுவார். நான் கேட்பது வேறு கேள்வி. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் யாராவது வண்டி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், தாங்களாகவே ஒரு நாளை ஓட்ட முடிகிறதா? குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்று நான் சொல்வது அதைத்தான். அந்தக் கணக்கில் என் ஓட்டு பழைய நகர்களுக்கு. மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடவும் முடியாது. அவற்றில்தான் நன்றாக இருக்கும் குடும்பங்களும் உண்டு.

கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். இந்த ஊர்கள் எல்லாமே அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. அதனால் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்திலேயே காய்கறிக் கடை, மருந்துக் கடை, டியூஷன், கோயில், டாக்டர் எல்லாம் அமைந்துவிட்டன. யாரும் திட்டம் போட்டு வைத்ததல்ல; நடந்து போகும் மக்களை நம்பிக் கடை வைத்தார்கள், அவ்வளவுதான்.

சிட்லபாக்கத்தில் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். பையன்கள் செங்கலை ஸ்டம்ப்பாக வைத்து கிரிக்கெட் ஆடுவார்கள். வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி, போனதும் மறுபடி ஆட்டம். பந்து ஒரு காம்பவுண்டுக்குள் விழும், உள்ளே இருக்கும் மாமி சத்தம் போட்டுவிட்டுத் தூக்கிப் போடுவார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெரியும். எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து நடந்து வரும் பெண் பிள்ளைக்கு வழி நெடுக நான்கு கடை வெளிச்சமும் தெரிந்த முகங்களும் இருக்கின்றன. இந்தப் பாதுகாப்பை எந்தக் கேமராவும் தருவதாக நான் நினைக்கவில்லை.

பாட்டிக்கும் இதே வசதிதான். காலையில் பால் பூத், பிறகு பிள்ளையார் கோயில், திரும்பும்போது கீரை. மருந்து தீர்ந்தால் பிள்ளைக்கு போன் போட வேண்டாம். மாம்பலத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கத் தோன்றினால் மின்சார ரயில் இருக்கிறது. சாதாரண டவுன் பஸ் என்றால் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. தெருக்கள் குறுகல், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் பல இடங்களில் லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடி வீட்டைப் பெரியவர்களோடு எடுப்பது சரிவராது. பிள்ளையின் பள்ளி, தாம்பரம் வழியாகப் போகும் பெரிய நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் என்றால், நான் மேலே சொன்ன சுதந்திரத்தில் பாதி போய்விடும். அந்தச் சாலையைக் குழந்தையைத் தனியாகக் கடக்கவிட எனக்கு மனம் வராது. பூங்கா என்று பெயருக்குத்தான் இருக்கும். 2021-இல் தாம்பரம், பல்லாவரம், சிட்லபாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. வீட்டு வரி ரசீதில் தெரிந்த அளவு மாற்றம் தெருவில் தெரியவில்லை என்ற ஆதங்கம் பல நகர்களில் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் சிட்லபாக்கம் ஏரி விஷயத்தில் அந்த ஊர் மக்கள் செய்ததைச் சொல்லாமல் போக முடியாது. தாங்களே கரையில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள், விடாமல் மனு கொடுத்தார்கள், கடைசியில் அரசு ஏரியைச் சீரமைத்தது. பத்துப் பதினைந்து வருடம் ஒரே தெருவில் இருப்பவர்கள் உள்ள ஊரில்தான் இது நடக்கும்.

இப்போது ஓஎம்ஆர். கணவன் மனைவி இருவருக்கும் சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவில் வேலை, பிள்ளைக்கு நான்கு வயது என்றால், நாவலூரை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமே இல்லை. குரோம்பேட்டையிலிருந்து தினமும் போய் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். வளாகத்துக்குள் வண்டி வராத விளையாட்டிடம், நீச்சல் குளம், அதே வயதில் இருபது முப்பது குழந்தைகள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது கஷ்டம். பெரியவர்களுக்கும் லிஃப்ட், பவர் பேக்கப், காலையில் நடக்கத் தனிப் பாதை எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் அங்கே ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

கேட்டைத் தாண்டினால்தான் சிக்கல் ஆரம்பம். ஆறு வழிச் சாலை, உடைந்த நடைபாதை, மெட்ரோ ரயிலுக்காகப் போட்ட தடுப்புகள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரையிலான அந்தப் பாதை முடிந்தால் நிலைமை நிச்சயம் மாறும். அதுவரை பன்னிரண்டு வயதுப் பிள்ளை நோட்டுப் புத்தகம் வாங்கக்கூட அப்பாவின் காருக்கோ டெலிவரி ஆளுக்கோ காத்திருக்க வேண்டும். நான்கு வயதில் சொர்க்கமாக இருந்த அதே வளாகம், பதினான்கு வயதில் அந்தப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது.

அடுத்தது தண்ணீர். சென்னை மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடுகிறது. நாவலூரும் படூரும் ஊராட்சிகள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலிருந்து ஓடுகிறது, 2024-இல் இரண்டாவதும் திறந்தாயிற்று. ஆனாலும் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வளாகங்கள் இன்னும் உண்டு. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது மறந்துபோகிற விஷயமில்லை. லாரிக்கும், கழிவுநீர் சுத்திகரிப்புக்கும், காவலாளிக்கும், லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் மெயின்டனன்ஸ். சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்தாலே 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. இது கடன் முடிந்த பிறகும் நிற்காது. வாங்கும்போது இஎம்ஐயை மட்டும் பார்ப்பவர்களிடம் இதைத் தயவுசெய்து எழுதிப் பாருங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது.

முடிச்சூர் பக்கத் தனிவீட்டுக்கு ஒரு தனி ஈர்ப்பு இருக்கிறது. அரை கிரவுண்டு என்றாலும் சொந்த மண். கீழே பெற்றோர், மேலே நாம், பின்பக்கம் ஒரு முருங்கை, துணி காய இடம். யாருடைய அசோசியேஷன் கூட்டத்துக்கும் போக வேண்டாம். வெளிவட்டச் சாலை வந்தது, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் திறந்தது. ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பெரிய சௌகரியம். அன்றாட நடமாட்டத்துக்கு ஷேர் ஆட்டோவும் டூவீலரும்தான். புது லேஅவுட்டில் தெருவிளக்கு வரவும் பக்கத்து மனைகளில் வீடு எழும்பவும் வருஷங்கள் ஆகும். அதுவரை பிள்ளைக்கு விளையாட ஆள் இருக்காது.

மழைதான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் பட்டபாட்டைச் சென்னை முழுக்கப் பார்த்தது. தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்டார்கள். அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தும் வேலையும் கால்வாய் வேலைகளும் நடந்திருக்கின்றன. இருந்தாலும் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டுபவர்கள் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறார்கள் என்று கவனியுங்கள். ஐந்து ஆறு படி ஏறித்தான் வாசலுக்குப் போக முடியும். பக்கத்திலேயே பழைய வீடு ஒன்று இருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், அந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருக்கும். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கும். புது வீட்டுக்காரர் ஏற்றிய மண், மழைத் தண்ணீரைப் பழைய வீட்டுக்காரர் பக்கம் தள்ளுகிறது. அண்டை வீட்டாரிடையே இதனால் வரும் கசப்பு பெரிது.

சிட்லபாக்கமும் 2015-இல் தப்பவில்லை, அங்கும் தண்ணீர் நிற்கும் தெருக்கள் இருக்கின்றன. ஒரே நகரில் மூன்றாவது தெரு மூழ்கும், ஐந்தாவது தெரு காய்ந்திருக்கும். அதனால் ஊர் பெயரை வைத்து முடிவெடுக்காமல் தெருவை வைத்து முடிவெடுக்க வேண்டும். வீடு காட்டும் தரகர் இதைச் சொல்லமாட்டார். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், 2015-இல் கடைக்குள் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்; சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

எங்கே வாங்குவதாக இருந்தாலும், அதே தெருவில் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். அந்த வருடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையும் வர வேண்டும், லாரிக்காகக் காத்திருக்கும் மே மாதமும் வர வேண்டும். குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பக்கம் தேடுகிறவர்கள் தரைத்தளத்தைவிட லிஃப்ட் உள்ள முதல் மாடியைப் பாருங்கள். பள்ளியும் வீடும் ஜிஎஸ்டி சாலைக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.