கணுக்கால் பட்டையா, இரண்டு நாள் சிறையா?

ஒருவர் புரொபேஷனில் இருக்கிறார்; அதாவது சிறைக்குப் பதிலாக, நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிக்கிறார்கள். புதுக் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனால் இரண்டு சந்திப்புக்கு வரவில்லை, சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா தெரிகிறது. கண்டும் காணாமல் விட்டால் அடுத்த மாதம் நாலாவது சந்திப்பும் போய்விடும். அதற்காக மாதக்கணக்கில் உள்ளே தள்ளவும் மனசு ஒப்பாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் புரொபேஷன் அதிகாரியாக இருந்த காலத்தில் எனக்கு வாராவாரம் வந்து சேர்ந்த தலைவலி இதுதான்.

2011 டிசம்பரில் அங்கே சட்டம் மாறியது. புதுக் குற்றம் செய்தாலோ தலைமறைவானாலோதான் புரொபேஷனை நேரடியாக ரத்து செய்யலாம். பெரிய குற்ற வழக்குகளில் மற்ற மீறல்களுக்கு முதலில் 90 நாள் சிறை அடைப்பு; அப்படி இரண்டு முறை ஆன பிறகே ரத்து என்ற பேச்சு. அதற்கும் கீழே, நீதிபதி தடுத்திருக்காவிட்டால், அதிகாரியே கொடுக்கக்கூடிய சில இடைநிலைத் தண்டனைகளையும் அந்தச் சட்டம் வகுத்திருக்கிறது. அவற்றில் நான் அதிகம் கையாண்டவை நான்கு.

முதலாவது, அடிக்கடி வந்து கையெழுத்துப் போடச் சொல்வது. வராத ஆளை இன்னும் அதிகமாக வரச் சொல்வது! மறதிக்காரர்களுக்கு உதவும். பஸ் வசதி இல்லாதவருக்கு இது தண்டனைகூட இல்லை, பொறி.

இரண்டாவது, 20 மணி நேரம் வரை சமூக சேவை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு 250 டாலர் கட்டணம். மாதம் 40 டாலர் கண்காணிப்புக் கட்டணத்திலேயே பாக்கி வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லும்போது எனக்கே வாய் கூசும்.

இனி உண்மையான போட்டி: ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் எலக்ட்ரானிக் கணுக்கால் பட்டையுடன் வீட்டுக்காவல் ஒரு பக்கம், அலுவலகத்தில் நாங்கள் 'குயிக் டிப்' என்று சொல்லும் இரண்டு அல்லது மூன்று நாள் சிறை மறுபக்கம்.

பட்டை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். சிறை இல்லை, வீட்டிலேயே இருக்கலாம், குடும்பமும் நிம்மதி. 1983இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஜேக் லவ் என்ற நீதிபதி இதை முதன்முதலில் ஒரு புரொபேஷன்காரருக்கு மாட்டினார். யோசனை வந்தது ஒரு ஸ்பைடர்மேன் சித்திரக்கதையிலிருந்தாம். ஆரம்பத்தில் நானும் பட்டைக் கட்சிதான்.

என்னை மாற்றியது கூரை போடும் வேலை செய்த ஒருவர். மீறல் என்னவோ இரண்டு சந்திப்புதான். பட்டை மாட்டினேன். வேலை ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் இடத்தில். ஒவ்வொரு முறையும் என் அனுமதி வேண்டும். மழை பெய்தால் மேஸ்திரி காலை ஆறு மணிக்கு இடத்தை மாற்றுவார், நான் போனை எடுப்பது எட்டு மணிக்கு. அதற்குள் எச்சரிக்கை வந்திருக்கும். ஒருநாள் சார்ஜ் போட மறந்தார், இன்னொரு நாள் சிக்னல் இல்லை. ஆறு வாரத்தில் அவர் பெயரில் ஏழு மீறல் குறிப்புகள். பழைய தப்பை ஒருமுறைகூடத் திரும்பச் செய்யவில்லை, சந்திப்புக்கெல்லாம் ஒழுங்காக வந்தார். ஏழும் பட்டை பெற்ற பிள்ளைகள்.

அதன் பிறகு எந்தத் தண்டனையிலும் நான் முதலில் பார்த்தது அதன் வாலை. கொடுத்த பிறகு எத்தனை நாள் இழுக்கும்? தினமும் எத்தனை காரியம் சரியாக நடந்தாக வேண்டும்? ஒவ்வொரு காரியமும் தவறுவதற்கு இன்னொரு வழி. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. தீவிரக் கண்காணிப்புத் திட்டங்களை 14 இடங்களில் ஆராய்ந்து 1993இல் ஆய்வாளர்கள் ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் முடிவுகளை வெளியிட்டார்கள். தீவிரக் கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 65 சதவீதம் பேர் மீது ஓராண்டில் நிபந்தனை மீறல் பதிவானது. வழக்கமான கண்காணிப்பில் அது 38 சதவீதம். புதுக் குற்றத்துக்கான கைதாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. உற்றுப் பார்த்தால் அதிகம் தெரியும், அவ்வளவுதான்.

குயிக் டிப்புக்கு வால் குட்டை. ஒரு மாதத்தில் ஆறு நாளுக்கு மேல் கூடாது, அதுவும் புரொபேஷன் காலம் முழுவதிலும் மூன்று மாதங்களில் மட்டுமே. வேலையில் இருப்பவரை வெள்ளி மாலை உள்ளே அனுப்பி ஞாயிறு மாலை வெளியே விடுவேன். திங்கள் காலை வேலைக்குப் போய்விடுவார். கணக்கு அன்றோடு தீர்ந்தது. சார்ஜர் கிடையாது, நடுராத்திரி அழைப்பு கிடையாது. தப்புக்கும் தண்டனைக்கும் இடையே சில நாள்தான் என்பதால் எதற்கு உள்ளே போனோம் என்பதும் மறக்காது. ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004இல் தொடங்கிய ஹோப் என்ற புரொபேஷன் திட்டமும் மீறினால் உடனே சில நாள் சிறை என்ற இந்தச் சூட்டை நம்பியதுதான். 2009இல் வந்த மதிப்பீட்டில் அதில் இருந்தவர்கள் புதுக் குற்றத்துக்காகக் கைதாவது 55 சதவீதம் குறைந்திருந்தது.

இதைச் சொன்ன வாயால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதே முறையை ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஒரெகான், டெக்சாஸ் மாநிலங்களில் தலா ஓரிடத்தில் சோதித்தபோது, 2016இல் வந்த முடிவில் வழக்கமான புரொபேஷனைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தேறவில்லை. ஆகவே குயிக் டிப் ஆளைத் திருத்தும் என்று நான் வாதாட மாட்டேன். பட்டையைவிடக் குறைவாகக் கெடுக்கும், அந்த அளவுக்குத்தான் என் சாட்சி.

போதைக்கு அடிமையானவர்களிடம் என் அனுபவம் குறைவு. அந்த வழக்குகள் பெரும்பாலும் வேறு அதிகாரிகளிடம் இருந்தன. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள்கள், குடி போன்றவற்றைச் சிறை அறையில் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அங்கே நான் இதைத் தொடவில்லை. தனியாகக் கைக்குழந்தை வளர்க்கும் தாய்க்கு இரண்டு நாள் என்பதும் சின்னது இல்லை. அப்படிப்பட்ட தாய்மாருக்குப் பட்டையேதான் கொடுத்திருக்கிறேன்.

கையெழுத்து விஷயமும் உறுத்தும். நீதிமன்ற விசாரணை வேண்டாம் என்று புரொபேஷனில் இருப்பவரே எழுதிக் கொடுத்தால்தான் குயிக் டிப் செல்லும். மறுத்தால் வழக்கு நீதிபதியிடம் போகும், என்ன வரும் என்று தெரியாது. அந்த நிலையில் ஒருவர் போடும் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது? கையெழுத்து வாங்குவதற்கு முன், படிவத்தை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப்போய் யாரிடமாவது காட்டிவிட்டு வாருங்கள் என்பேன். சிலர் வக்கீலோடு வந்தார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை.