வினைல் தரையின் ஒட்டு தூக்கினால்: மூன்று பசை போட்டுப் பார்த்த அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் சிமெண்ட் தரை மேல் வினைல் ஷீட் ஒட்டி 15 வருடம் ஆகிறது. பூ இன்னும் மங்கவில்லை. சமையலறை வாசலில் இரண்டு ஷீட்டும் சேரும் ஒட்டு மட்டும் தூக்கிக்கொண்டது. ஒரு நாள் அம்மாவின் கால் விரல் அதில் மாட்டியது. சுவரைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். அன்றைக்கே பசை வாங்கிவிட்டேன். ஆனால் சரியாக அமைய மூன்று முறை பிடித்தது.

முதலில் மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை. அதிலுள்ள நீர் போனால்தான் அது இறுகும்; மேலே வினைல் மூடியிருந்தால் நீர் எங்கே போகும்? ஒரே மாதத்தில் பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

அடுத்து, பிளைவுட்டில் மைக்கா ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசை. நல்ல பிடிப்பு. ஆனால் அடுத்த கோடையில் ஓரத்தை அழுத்தினால் மெத்தென்று நகர்ந்தது. ஒட்டு நெடுக மஞ்சள் கோடு வேறு. பேருந்து நிலையம் பக்கம் செருப்பு தைக்கும் அண்ணன் சொல்லித்தான் காரணம் புரிந்தது: “பிவிசி சோலுக்கே இந்தப் பசை நிக்காது சார், இளகிடும். பியூ போடுங்க.” வினைலும் பிவிசிதானே. அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து ரப்பர் பசையை இளக்கிவிடுகிறது. பியூ, அதாவது பாலியூரித்தேன் பசை, அதைத் தாங்கும்.

மூன்றாவது முறை பியூ பசை. இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஓரத்துக்கு ஹேர் டிரையரில் சூடு காட்டி மெதுவாக மடக்கினேன். சூடு காட்டாவிட்டால் பழைய வினைல் வெடித்துவிடும். உள்ளே பழைய பசையோடு மணலும் கறுப்புப் பிசுக்கும் அப்பியிருந்தன. பட்டி பிளேடால் சுரண்டவே அரை நாள் போனது. உங்கள் தரை 1980களிலோ அதற்கு முன்போ போட்டது என்றால் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். அந்தக் காலத்து வினைலிலும் பசையிலும், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அப்புறம் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். அடியில் வியர்க்கவில்லை. வியர்த்திருந்தால் எந்தப் பசையும் வீண்தான். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பசை ஆவி தீப்பிடிக்கும். அதனால் சிலிண்டரை மூடி, சாமி விளக்கையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். தரையிலும் ஷீட்டின் அடியிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினேன். மேலே பாலித்தீன் விரித்து, மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டுகளை ஒரு நாள் முழுக்க ஏற்றிவைத்தேன். அம்மிக்கல்லைவிட இதுதான் மேல். பாரம் ஒரே சீராக இறங்குகிறது.

இப்போது 3 வருடம் ஆகிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் ஷீட் சுருங்கி இடைவெளி விட்டிருந்தது. அதைப் பசையால் இழுத்துச் சேர்க்க முடியாது என்பதால் அலுமினியப் பட்டி அடித்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை விட்டுவிட்டோம், பிழிந்த துணிதான். போன வாரம்கூட ஒட்டில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன். நகம் நுழையவில்லை.