பைத்தானின் கவுன்டர்: வரிசை கேட்காத பை

டேட்டாபேஸிலிருந்து பில் எண்களை எடுத்துச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று என் கணினியில் எப்போதும் பாஸ் ஆகும். சர்வரில் சில நாள் மட்டும் விழும். குவெரியில் நான் ஆர்டர் பை போடவில்லை, அதனால் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. லிஸ்ட்டோ வரிசையையும் சேர்த்துத்தான் ஒப்பிடும். சார்ட் செய்து பார்த்தேன். எண்களுக்கு நடுவே மதிப்பில்லாத 'நன்' (None) ஒன்று வந்ததும் அதுவும் விழுந்தது. சரி என்று, ஒன்றை ஒரு முறை மட்டுமே வைத்துக்கொள்ளும் செட்டுக்கு மாறினேன். எல்லாம் பச்சை! ஒரே பில் இரண்டு முறை பதிவான பிழையையும் அந்தப் பச்சை மூடிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்தான் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் கவுன்டர். எது எத்தனை முறை வந்தது என்பதை மட்டும் வைத்துச் சமமா என்று சொல்லும், முன்பின் பார்க்காது. எனக்கு வேண்டியது அதுதான். (பைத்தானின் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்டில் 'அசர்ட் கவுன்ட் ஈக்வல்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுகிறது என்று ஒதுக்கியிருந்தேன்; அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.)

குறை பூஜ்யத்தில் இருக்கிறது. ஒன்றின் எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்துப் பூஜ்யமாக்கினாலும் அதன் பெயர் உள்ளேயே கிடக்கும். பைத்தான் 3.10க்கு முந்தைய பதிப்புகளில், அந்தப் பெயரே இல்லாத கவுன்டரும் இதுவும் வேறு வேறு. 3.10 முதல் இரண்டும் சமம்.

கணக்கிட்ட விடைகளைச் சேமித்து வைக்கும் கேஷுக்கு (cache) சாவியாக வைக்கலாம் என்று போனால் முடியாது, கவுன்டருக்கு ஹேஷ் (சாவியைத் தேட உதவும் எண்) இல்லை. உள்ளிருக்கும் பெயர்–எண்ணிக்கை ஜோடிகளை, மாற்ற முடியாத செட்டான ஃப்ரோசன்செட்டில் போட்டுச் சாவியாக்கினேன். பழைய பூஜ்யம் இங்கே திரும்பி வந்தது: சமமான இரண்டு கவுன்டர்களுக்கு இரண்டு சாவிகள். கவுன்டருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் பூஜ்யங்கள் உதிரும், ஆனால் நெகட்டிவ்களும் கூடவே போய்விடும்.

கடைசியில், சாவியாக வைக்கக்கூடிய பைக்கென்று நானே ஒரு கிளாஸ் எழுதினேன். வரிசை பாதிக்கக் கூடாதே என்று உறுப்புகளின் ஹேஷ்களை எக்ஸ்ஆர் (பிட் அளவிலான XOR கணக்கு) செய்தேன். ஒரே பொருள் இரண்டு முறை இருந்தால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாகிவிடுகிறது. ஜோடி ஜோடியாக நிறைந்த பைகளுக்கெல்லாம் ஒரே ஹேஷ். விடை தப்பாகாது, தேடல்தான் நொண்டும். கூட்டலுக்கு மாற்றினேன்.

டெஸ்ட்டில் ஒப்பிட மட்டும் என்றால் கவுன்டருக்கு ஐந்து நட்சத்திரம் தருவேன். சாவி வேலைக்கு இரண்டுதான்.