இரட்டை சிடியில் ஜாஸ் பாடகிகள்: சில வருடங்கள் கேட்டபின்

1930களிலிருந்து 50களின் கடைசி வரை அமெரிக்கப் பாடகிகள் பாடிய ஜாஸ் பாட்டுகளை இரண்டு சிடியில் திரட்டிய தொகுப்பு. சில வருடங்களாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’தான். பிராட்வே மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டு, பிற்பாடு யார் வேண்டுமானாலும் தன் பாணியில் பாடலாம் என்றாகிவிட்ட பாட்டுகள்.

வாங்கிய புதிதில் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்த பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். இப்போது வயலின் கூட்டம் நுழைந்தாலே கை ரிமோட்டுக்குப் போகிறது. டைனா வாஷிங்டன் மட்டும் அந்தக் கணீர்க் குரலால் தப்பிக்கிறார்.

அலுக்காமல் நிற்பவை ஆள் குறைந்த பதிவுகள். ஜூலி லண்டனின் 1955 பாட்டு ‘க்ரை மீ எ ரிவர்’. பார்னி கெஸல் கிதார், ரே லெதர்வுட் பாஸ், அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை. மைக்கை ஒட்டி நின்று பாடியது ஹெட்போனில் அப்படியே தெரிகிறது, மூச்சு இழுப்பது உட்பட. பெக்கி லீயின் ‘ஃபீவர்’ 1958இல் வந்தது. பாஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு. போகப் போகச் சுருதி அரை ஸ்வரம் ஏறிக்கொண்டே போகும். கறாராகப் பார்த்தால் அது லிட்டில் வில்லி ஜான் முதலில் பாடிய ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டு, இந்தப் பட்டியலில் சேராது. போகட்டும்.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு, 1956இல் அவர் பாடிய, கோல் போர்ட்டர் எழுதிய பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார்கள். மேஜர் (மலர்ச்சியான சாயல்) மைனராக (சோகச் சாயல்) மாறுவதைப் பற்றி வரி வரும் இடத்திலேயே பின்னணியின் ஸ்வரக் கூட்டும் (கார்ட்) மைனருக்கு மாறும். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை அழுத்திக் காட்டாமல் போகிற போக்கில் கடந்துவிடுகிறார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே அது பிடிபட்டது.

பில்லி ஹாலிடேவின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்த புண்ணியவான் யாரோ. ஒன்று 1935இல் டெடி வில்சன் குழுவோடு இருபது வயதில் பாடியது, துள்ளல். மற்றது 1958இன் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்திலிருந்து. மறு வருடம் 44 வயதில் இறந்துபோனார். குரல் கரகரத்து, உயரே போக மறுக்கிறது. தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே சொல்லை விடும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதிலும் வயலின் கூட்டம் உண்டு. ஆனால் ரிமோட்டைத் தொடுவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குகிறது. புக்லெட்டில் போட்டோக்கள் தாராளம். பதிவான வருடமோ வாசித்தவர் பெயரோ கிடையாது. சாரா வானின் ‘லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்’, ஹெலன் மெரிலின் ‘யூ’ட் பி சோ நைஸ் டு கம் ஹோம் டு’ இரண்டிலும் டிரம்பெட் வாசித்தது கிளிஃபர்ட் பிரவுன் என்று தேடித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டுமே 1954. 1956இல் கார் விபத்தில் 25 வயதில் போய்ச் சேர்ந்தவரின் பெயரைக்கூடப் போடாதது அநியாயம்.

இந்த மாதிரித் தொகுப்பு எதையாவது வாங்குவதாக இருந்தால் முதலில் பின்னட்டையில் வருடங்கள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தங்கள் ஹிட் பாட்டுகளைப் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்த பாடகிகள் உண்டு. மலிவுத் தொகுப்புகளில் அதுவும் கலந்து வரும். சாரா, ஹெலன் பாட்டுகள் பிடித்துவிட்டால் தொகுப்பே வேண்டாம், அந்த 1954 ஆல்பங்கள் இரண்டையும் முழுசாக வாங்கிவிடுங்கள்.